இடது கன்னம் பாக்கி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. கம்பம் பக்கம் மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை வைத்திருப்பவனுக்கு வாய் இல்லாவிட்டால், பழ வியாபாரியும் மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து அவனைப் பந்தலோடு சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இருபது வருடமாக அந்தத் தோட்டத்தை நான் கட்டிக் காப்பாற்றுவதில் கை பாதி, வாய் பாதி. அந்த வாயால் எனக்கு ஒரே ஒரு முறைதான் பெரிய சேதம் வந்தது. அது நேராக முகத்திலேயே வந்து விழுந்தது.

வைகாசி கடைசி. வீரபாண்டித் திருவிழாவுக்கு மொட்டை போட்டு வந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் தலையில் முடி அரிசி நீளத்துக்குத்தான் இருந்தது. தாடி மட்டும் புதராக நின்றது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் சலூனில், எப்போதும் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். ஏசி, சுவரில் டிவி, இரண்டு சுழல் நாற்காலி என்று கடையைப் பளிச்சென்று வைத்திருப்பார் கடைக்காரர். இருபத்தைந்து வருடமாக என் முகம் அவர் கையில்தான் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவர் எனக்கு இரண்டு வகுப்பு மேலே. ஆனாலும் அவர் என்னை "அண்ணே" என்பார், நான் அவரை "வாடா போடா" என்பேன். எங்கள் அப்பாக்கள் காலத்திலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு அவர் ‘அவன்’தான்.

வலது கன்னத்தை முடித்துவிட்டு அவர் இடப்பக்கம் நகர்ந்து வந்து கத்தியை எடுத்த நேரம், மடியில் கிடந்த போன் அடித்தது. முகமெல்லாம் நுரையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். என் தோட்டத்தில் கவாத்து வெட்டும் ஆள் பேசினார். திராட்சையில் கவாத்து என்றால் பழைய கொடியை வெட்டி விடுவது. வெட்டுகிற இடத்தில் எத்தனை கண், அதாவது துளிர்க்கும் கணு, விடுகிறோம் என்பதில்தான் அடுத்த நான்கு மாதத்து விளைச்சல் இருக்கிறது. நான் எப்போதும் நான்கு கண் விடச் சொல்பவன்.

"கெழக்கு வரிசை முச்சூடும் முடிச்சாச்சுண்ணே. ரெண்டு ரெண்டு கண்ணு விட்டு வெட்டியிருக்கு" என்றார் அவர்.

எனக்கு ரத்தம் சுர்ரென்று தலைக்கு ஏறியது. "ஏலே, நீ கவாத்துக்கு வந்தியா, சிரைக்க வந்தியா? ரெண்டு கண்ணு விட்டா அதுல குலை வருமா, உங்க அப்பன் வருவானா? நீயெல்லாம் சிரைக்கத்தான்டா லாயக்கு. போய்ச் சிரைடா" என்று கத்திவிட்டு போனை வைத்தேன். அந்த முனையில் "சரிண்ணே" என்று மட்டும் கேட்டது.

இந்த வசவு எங்கள் ஊரில் காற்று மாதிரி. வாத்தியார் பையனைத் திட்டுவார், டிரைவர் கிளீனரைத் திட்டுவார், நான் எல்லாரையும் திட்டுவேன். ஒன்றுக்கும் உதவாதவன் செய்கிற வேலை அது என்று அர்த்தம். ஆனால் அதை ஒரு சலூன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, கழுத்தைக் கொடுத்துக்கொண்டு சொல்கிற அறிவாளி நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கத்தி என் மேல் படவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். அவர் கத்தியைத் துடைத்து மடக்கிக்கொண்டிருந்தார். ஒரு துண்டை எடுத்து என் இடது கன்னத்து நுரையை நிதானமாகத் துடைத்தார். கழுத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து உதறினார்.

"எந்திரிங்கண்ணே."

"என்னடா, இந்தப் பக்கம் அப்படியே இருக்கு?"

"இருக்கு. நான் இருவத்தஞ்சு வருசமா சிரைச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். லாயக்கு இல்லாதவன் செய்யிற வேலைன்னு இப்பத்தான் சொன்னீக. நீங்க லாயக்கான ஆளு. அந்தப் பக்கத்த நீங்களே செஞ்சுக்கிருங்க."

குரலை அவர் உயர்த்தவே இல்லை. அவர் கத்தியிருந்தால் நானும் கத்தி, பிறகு இரண்டு பேரும் டீ குடித்திருப்போம். அடுத்த நாற்காலியில் இருந்தவர் டிவியை மும்முரமாகப் பார்த்தார். எனக்கு அப்போதாவது ஒரு வார்த்தை இறங்கிப் பேசத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. "செஞ்சுக்கிறேன். இது என்ன மலையப் புரட்டுற வேலையா? நானே சிரைச்சுக்கிறேன். இனி உன் கடை வாசல்ல கால வைச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். தோளில் கிடந்த துண்டால் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டேன். டீக்கடைக்காரர் "பல்வலியாண்ணே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

என் மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். பாதி முகத்தோடு நான் வந்து நின்றதும் அவள் முதலில் சிரித்தாள். பிறகு, நடந்ததைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். எனக்காக அவள் நாலு வார்த்தை அந்தக் கடைக்காரரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றேன்.

"அவக செஞ்சதுதான் சரி" என்றாள். "நானா இருந்தா நுரையைக்கூடத் துடைச்சிருக்க மாட்டேன்."

அவள் அவரை மரியாதையாக ‘அவக’ என்றது காதில் குத்தியது. பொறுமினேன். அன்று சாயங்காலம் மீதிப் பாதியை ஒரு பிளாஸ்டிக் ரேசரால் வழித்து எறிந்தேன். அதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பிளாஸ்டிக் ரேசரில் கல்லூரிப் பையன்கூட வழித்துவிடுவான். அவர் எந்தக் கத்தியை மடக்கி வைத்தாரோ அதைவிட அசல் கத்தியில் செய்து காட்டினால்தான் நான் ஆம்பளை என்று முடிவு செய்தேன். சலூன்களில் இப்போது கத்திப் பிடிக்குள் பாதி பிளேடைச் சொருகி, ஆளுக்கு ஆள் மாற்றுகிறார்கள். எனக்கு அதுவும் வேண்டாம், முழு இரும்பில் அடித்துத் தீட்டிய மடக்குக் கத்திதான் வேண்டும் என்று இரவோடு இரவாக போனில் ஆர்டர் போட்டேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்குப் போனேன். கிழக்கு வரிசைத் தூண்களில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. கட்டியவன் நான்தான். பத்து நாளைக்கு முன்னால், அந்த வரிசைக் கொடிகள் இளைத்துக் கிடக்கின்றன, இந்தப் போகம் பழம் வேண்டாம், ரெண்டு கண்ணோடு நிறுத்திக் கொடியைத் தேற்று என்று அந்த ஆளிடம் சொல்லி, அடையாளத்துக்குத் துணியும் கட்டிவிட்டு, அடியோடு மறந்திருந்தேன். நான் சொன்னதைத்தான் அவர் செய்திருக்கிறார். திட்டியபோதுகூட, நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவர் கேட்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டுப் பழகாதவன். சண்டை போட்டால் மறுவாரம் ஒரு பெட்டி திராட்சையை அனுப்பிவிடுவேன், அவ்வளவுதான். இந்த முறை பெட்டி போதாது என்று தெரிந்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். என் கல்யாணத்தன்று விடியற்காலையில் வீட்டுக்கு வந்து முகம் மழித்துவிட்டவர் அவர். என் அப்பா செத்தபோது முல்லைப் பெரியாற்றுக் கரையில் எனக்கு மொட்டை அடித்து முடித்துவிட்டு, ஈரத் தலைமேல் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். அன்றைக்கு என்னை அழவிட்டது அந்தக் கைதான். ஆனாலும் போய்க் கேட்க வாய் வரவில்லை, இவ்வளவு நீள வாய் இருந்தும்.

கத்தி ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது. கூடவே ஒரு தோல்பட்டை, ஒரு பிரஷ், ஒரு கட்டிச் சோப்பு.

"சனிக்கெழமையும் அதுவுமா மூஞ்சில கத்தி வைக்காதீக" என்றாள் மனைவி. ஊசி போடுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் குச்சனூர் சனீஸ்வரன் விஷயத்தில் அவள் மருத்துவம் படித்தவளே இல்லை. "குச்சனூருக்கு எள்ளு தீபம் போட்டே ஆறு மாசம் ஆச்சு. அவரு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு."

"பாக்கட்டும். நல்லா கத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

முதல் காரியமாக அந்தக் கத்தியைக் கவாத்துக் கத்தி தீட்டும் கல்லில் நாலு இழுப்பு இழுத்தேன். புதுக் கத்தியில் கூர் சுமார்தான் இருக்கும், தோட்டக்காரன் கை பட்டால்தான் அது கத்தியாகும் என்பது என் எண்ணம். குளியலறைக் கண்ணாடியில் வெளிச்சம் போதவில்லை என்று பின்வாசலில் கண்ணாடியை மாட்டினேன். ஆனி பிறந்தால் எங்கள் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து இறங்கும் காற்று வீட்டுக் கூரைத் தகரத்தையே எழுப்பிப் பார்க்கும். நுரையைப் போட்டு முடிப்பதற்குள் ஒரு கன்னத்தில் அது காய்ந்து பொருக்காகி உதிர்ந்தது. மறுபடி போட்டேன். மறுபடி காய்ந்தது. போதும் என்று கத்தியைக் கன்னத்தில் வைத்தேன்.

இங்கேதான் என் இருபது வருட அனுபவம் என்னைக் கவிழ்த்தது. கொடியை வெட்டும்போது கத்தியை நேராக அழுத்த மாட்டோம். அடியில் வைத்து நுனிவரை இழுத்துச் சீவுவோம். அப்போதுதான் வெட்டு சுத்தமாக விழும், கொடி அழுகாது. கை தானாக அதையே செய்தது. கன்னத்தில் வைத்த கத்தியைப் பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்தேன். மயிர் வரவில்லை. வேறு வந்தது. முதலில் ஒரு வெள்ளைக் கோடு, பிறகு அது சிவந்தது, பிறகு பனியன் வரை இறங்கியது.

மனைவி பஞ்சோடு வந்து அழுத்திப் பிடித்தாள். "வெட்டுன எடத்துல மயில்துத்தம் பூசட்டுமா, உங்க கொடிக்குப் பூசுற மாதிரி?" என்று கேட்டாள். அவள் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, என்னையும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "சிரைக்கக்கூட லாயக்கில்லையே நீங்க."

திட்டுகிற குரல் இல்லை அது. நோயாளியிடம் ரத்த அழுத்தத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் வெட்டு விரிந்தது. திங்கட்கிழமை அவளுடைய சுகாதார நிலையத்திலேயே வரிசையில் நின்று டிடி ஊசி போட்டுக்கொண்டேன். வழக்கத்தைவிட அழுத்திக் குத்தினாள் என்றே இன்னமும் நம்புகிறேன்.

ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை. திராட்சையில் சாம்பல் நோய் வந்து பாதித் தோட்டம் அழிந்த வருடம்கூட நான் பந்தலைப் பிரிக்கவில்லை. போனில் வீடியோக்களைத் தேடிப் பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர் பாட்டு முணுமுணுத்தபடி வாழைத்தண்டு மாதிரி வழுவழுவென்று மழித்தார். நான் வாயை மூடிக்கொண்டு பார்த்தது எனக்கே புதிது. என் கல் அந்தக் கத்தியின் கூரை ரம்பமாக்கியிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வழவழப்பான வேறொரு கல்லை வரவழைத்து, தண்ணீர் விட்டு, கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகக் கல்லில் படும்படி படுக்கவைத்து, அழுத்தாமல் தேய்க்கக் கற்றுக்கொண்டேன். இரண்டு வாரம் ஆனது. கூர் ஏறியதா என்று முன்கையில் மழித்துப் பார்த்துப் பார்த்து, என் இடது கை சொறி பிடித்த ஆட்டுத்தோல் மாதிரி ஆகிவிட்டது.

தோல்பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, மழிக்கும் முன் கத்தியை அதில் மேலும் கீழும் தேய்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கத்தியை முதுகுப் பக்கமாகப் புரட்ட வேண்டும். நான் ஒரு நாள் வாய்ப் பக்கமாகப் புரட்டிப் பட்டையை இரண்டாக்கினேன். அதன்பின் என் பழைய இடுப்பு பெல்ட்தான் ஜன்னலில் தொங்கியது.

இதற்கிடையே தேவதானப்பட்டியில் என் மைத்துனர் வீட்டுப் பால்காய்ச்சு. கன்னத்தில் ஒன்று, மோவாயில் ஒன்று என இரண்டு பிளாஸ்திரியோடு போய் இறங்கினேன். பந்தியில் யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரக புதுசா பூனை வளக்குறாக. அது இன்னும் பழகல" என்றாள். அன்று முழுதும் பூனைக்கு என்ன போடுகிறோம், என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று ஆள் மாற்றி ஆள் விசாரித்தார்கள். நான் எல்லாருக்கும் பதில் சொன்னேன்.

ஆடி பாதியில் கை வசப்பட்டது. அதை எனக்கு முதலில் சொன்னது காதுதான். கத்தியைச் சரியான சாய்வில் வைத்தால் காய்ந்த வாழைச்சருகை நகத்தால் கீறுகிற சத்தம் வரும். சாய்வு தப்பினால் சத்தம் நின்றுவிடும், அடுத்தது ரத்தம்தான். இடது கையால் தோலை மேலே இழுத்துப் பிடித்து, வலது கையின் எடையைக்கூடக் கத்திக்குக் கொடுக்காமல், நேராக, கொஞ்சம்கூடப் பக்கவாட்டில் இழுக்காமல் இறக்க வேண்டும். மயிர் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். என் கழுத்தில் ஓர் இடத்தில் அது சுழித்துக்கொண்டு மேல்நோக்கி வளர்கிறது. நாற்பத்தாறு வயதில்தான் அதைக் கண்டுபிடித்தேன். இருபத்தைந்து வருடமாக ஒருவர் அந்த இடம் வந்ததும் கத்தியைத் திருப்பிப் பிடிப்பார், அது ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

வலது கன்னம் கண்ணாடியாக வந்தது. நான் அலட்டிக்கொண்டேன் என்று சொல்வது குறைவு. தோட்டத்துக்குப் போகும்போது சலூன் எனக்கு இடப்பக்கம் வரும், திரும்பும்போது வலப்பக்கம் வரும். போகும்போது பைக்கை விரட்டுவேன். திரும்பும்போது கடை வாசலில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைத்து, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு போவேன். அவர் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்க்கிறவர் என்று எனக்குத் தெரியும். அவர் பார்த்தாரா என்பது தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இடது கன்னம்தான் பணியவில்லை. வலது கையால் செய்தால் முழங்கை முகத்தை மறைத்தது. இடது கையால் செய்தால் கத்தி என் சொல்லைக் கேட்கவில்லை. காதுக்குக் கீழே, தாடை எலும்பு திரும்பும் இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு திட்டு எப்போதும் மிஞ்சியது. அதைத் துரத்தப் போனால் வெட்டு. சலூனில் இது ஒரு பிரச்சினையே இல்லை. அவர் வலப்பக்கம் முடித்ததும் நாற்காலியைச் சுற்றி இடப்பக்கம் வந்து நின்றுகொள்வார். என்னைச் சுற்றி நானே வந்து நிற்க முடியாது. எவ்வளவு வீடியோ பார்த்தாலும் அதற்கு வழி இல்லை.

அந்தத் திட்டைத் தடவிக்கொண்டே கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். "மன்னிச்சுக்கடா" என்று சொல்லிப் பார்த்தேன். நான்தான் அவரை மன்னிப்பது மாதிரி இருந்தது. "கோவிச்சுக்காதடா" என்றேன், அது அதட்டல். "தப்புதான்டா, இப்ப அதுக்கு என்னங்கிற" என்று அடுத்தது வந்தபோது சமையலறையிலிருந்து மனைவி "யாரு கூடச் சண்டை?" என்று கேட்டாள். கத்தியைத் துடைத்து மடக்கி வைத்தேன்.

புரட்டாசியில் அறுவடை தொடங்கியது. மற்ற வரிசைகளில் கருநீலமாகக் குலைகள் தொங்கின. கிழக்கு வரிசையில் பழம் இல்லை. ஆனால் இளைத்துக் கிடந்த கொடி விரல் கனத்துக்குத் தேறி, பந்தல் முழுக்கப் படர்ந்திருந்தது. கவாத்து ஆள் அடுத்த வேலைக்காகப் பார்க்க வந்திருந்தார். அவரைக் கிழக்கு வரிசைக்கு அழைத்துப் போனேன். வெயிலில் வெளுத்துப் போன அந்தச் சிவப்புத் துணியைத் தொட்டுக் காட்டினேன்.

"இதக் கட்டுனது நான்தான். ரெண்டு கண்ணு விடச் சொன்னதும் நான்தான். மறந்துட்டுத் திட்டிட்டேன். தப்பு என்னுது."

அவர் துணியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "அத அன்னைக்கே மறந்துட்டேண்ணே" என்றார். மறக்கவில்லை என்று அவர் முகத்திலேயே இருந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் கழித்து, கொடியை விரலால் அளந்து, "இந்தவாட்டி அஞ்சு கண்ணு விடலாம், தாங்கும்" என்றார். அஞ்சே விடு என்றேன். வானம் இடிந்து விழவில்லை. நான்கு மாதமாக நான் பயந்துகொண்டிருந்த காரியம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதன் பிறகு ஒரு வாரம் நான் முகத்தில் கத்தி வைக்கவில்லை. தாடி நன்றாக ஏறட்டும் என்று விட்டேன். எட்டாம் நாள் காலையில் பெல்ட்டில் கத்தியைத் தேய்த்து, நுரை போட்டு, வலது கன்னத்தையும் வலது பாதிக் கழுத்தையும் மழித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக ஒரு வேலையைச் செய்ததில்லை. ஒரு கீறல் இல்லை. மோவாயின் நடுவில் நேர்கோடு விழுகிற மாதிரி நிறுத்தினேன். இடது பாதியை அப்படியே விட்டேன்.

மனைவி காபி டம்ளரோடு வந்தாள். துணிக்கொடியில் கிடந்த துண்டை நான் எடுப்பேனா என்று மட்டும் பார்த்தாள். எடுக்கவில்லை. பைக்கையும் எடுக்கவில்லை.

நடந்தேன். பாதி முகத்தில் தாடியும் பாதி முகத்தில் பளபளப்புமாக, காலை எட்டரை மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகிற ஜனத்துக்கு நடுவில், பஸ் ஸ்டாண்டு வழியாக. ஒரு மினி பஸ் மொத்தமும் என் பக்கம் திரும்பியது. டீக்கடைக்காரர் வாயைத் திறந்தார். "பல்வலி இல்ல" என்று நானே முந்திச் சொல்லிவிட்டேன். காது சூடாக இருந்தது. ஆனால் குனியவில்லை.

சலூனில் அவர் மட்டும் இருந்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு. கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தார். துணியை வைத்தார். நான் வாசல் ஏறி, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து போ என்று அவர் சொன்னால் போவதைத் தவிர எனக்கு வேறு ஏற்பாடு இல்லை.

"முடியா, சேவிங்கா?" என்றார்.

"சேவிங்தான். இடது கன்னம் பாக்கி இருக்கு."

அவர் பக்கத்தில் வந்து என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலை வலது கன்னத்தில் கீழிருந்து மேலாக, மயிருக்கு எதிராக ஓட்டினார். கழுத்துச் சுழியில் ஒரு கணம் நின்று மறுபடி தடவினார்.

"யாரு போட்டது?"

"நான்தான். நானே சிரைச்சது. நாலு மாசம் ஆச்சு."

"சுழியில திருப்பிப் புடிச்சிருக்கீக."

"ஆமா."

"ம்" என்றார். அலமாரியிலிருந்து துணியை எடுத்து என் கழுத்தில் கட்டினார். பிரஷ்ஷை நனைத்து இடது கன்னத்தில் நுரை போட்டார். நாற்காலியைச் சுற்றி இடப்பக்கம் வந்து நின்றார். புது பிளேடு சொருகிய கத்தி காதுக்குக் கீழே, அந்தத் திட்டில் இறங்கியபோது சரியான சத்தம் வந்தது. நான்கு மாதம் நான் துரத்திப் பிடிக்க முடியாத இடம் ஒரே இழுப்பில் போனது. கண்ணில் தண்ணீர் கட்டியது. கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த எதுவும் நினைவுக்கு வரவில்லை. கத்தி தாடையில் இருக்கும்போதே, அசையாமல், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. என்னைய மன்னிச்சுக்கிருங்க."

கத்தி நின்றது. கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, ஏசியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கத்தியில் இருந்த நுரையைத் துடைத்தார். என் தலையில் உள்ளங்கையை வைத்து, லேசாகப் பின்னால் சாய்த்தார்.

"வாய மூடுங்க தம்பி" என்றார். "உதட்டுக்கு மேல கத்தி வருது."

மூடிக்கொண்டேன்.